காற்றுக்கு முதுகு

ஹொங் மாஸ்டருக்குக் கத்தி காதில் இருக்கிறது என்று சீனத்துப் பீங்கான் ஊரான ஜிங்தெஜென்னில் அந்தச் சந்து முழுக்கச் சொல்வார்கள். சொல்லுகிறவர்கள் யாரும் பீங்கான் வேலை தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவன் புகழ்ந்தால் அது கொஞ்சம் ஆழமாகத்தான் இறங்கும். அவருக்கும் இறங்கியிருந்தது.

எலும்பாகக் காய்ந்து வெளுத்த சுடாத கிண்ணத்தைச் சக்கரத்தில் கவிழ்த்து வைப்பார். இரும்புக் கத்தி பட்டதும் வெள்ளை மாவு விசிறியடித்துப் பறக்கும். நாலு சுற்று சீவுவார். சக்கரத்தை நிறுத்துவார். இடதுகை நடுவிரலால் கிண்ணத்தின் வயிற்றில் ஒரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்பார். சத்தம் தடிப்பாக இருந்தால் மண்ணும் தடிப்பு. மறுபடி சீவல், மறுபடி தட்டல். சத்தம் மெலிந்து மெலிந்து கடைசியில் ஓர் இடத்துக்கு வரும். அதற்கு மேல் ஒரு சுற்று போனாலும் கத்தி மறுபக்கம் எட்டிப் பார்த்துவிடும். அந்த இடம் எது என்று அவருடைய காதுக்குத் தெரியும். முட்டை ஓடு மாதிரிக் கிண்ணங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் விரலின் நிழல் உள்ளே தெரியும்.

வேறு ஊர்களில் பாதி ஈரத்திலேயே சீவிவிடுவார்கள். மண் சுருள் சுருளாகக் காலடியில் விழும், பறக்காது. இந்த ஊர் மண்ணை அப்படிச் சீவினால் இவ்வளவு மெல்லிசாக வராது. காயவிட்டுத்தான் சீவ வேண்டும். காய்ந்ததைச் சீவினால் தூசி பறக்கும். தூசியில் இருப்பது அரைத்த கல். நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. இதுவும் அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீவுகிறவர்களில் நிறையப் பேர் அறுபதைப் பார்க்கவில்லை.

அதனால் சீவுகாரர்களுக்குள் ஒரு சொல் உண்டு: காத்துக்கு முதுகு காட்டி உக்காரு. ஹொங் மாஸ்டர் பதினெட்டு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதை மீறியதில்லை. ஜியாங் முதலாளி பட்டறையை ஆற்றோரத்துப் புதுக் கொட்டகைக்கு மாற்றியபோது, சக்கரத்தை எங்கே போடுவது என்று யாரும் கேட்பதற்கு முன்பே அவர் உள்ளே போய் ஆற்றுப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டார். சாங் ஆற்றிலிருந்து பகல் முழுக்கக் காற்று வரும். முதுகில் பட்டுத் தோளைத் தாண்டி எதிர்ச்சுவர் வரைக்கும் போகும். எதிர்ச்சுவரில்தான் தண்ணீர்க் குழாய் இருந்தது. குழாய் இருந்ததால் தண்ணீர் தடவும் பெஞ்சை அங்கே போட்டார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள் ஜின்ஜூ. லெபிங் பக்கத்துக்காரி. அப்போது முப்பத்துநாலு வயது. மாஸ்டர் சீவி வைக்கிற கிண்ணத்தை எடுத்து, ஆட்டுமயிர்ப் பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்து, உள்ளும் புறமும் ஒரு தடவு தடவுவது அவள் வேலை. கத்திக் கோடுகள் மறையும். மெருகு ஒட்ட வழவழப்பு வரும். அதைவிட முக்கியம், ஈரம் பட்டதும்தான் கிண்ணத்தில் ஒளிந்திருக்கும் குறை வெளியே வரும். ஊசிமுனை ஓட்டை, முடிக் கீறல், கத்தி ஒரு கணம் தடுமாறிய இடம். பார்த்ததும் அவள் சத்தம் போடமாட்டாள். பிரஷ் நுனியில் கொஞ்சம் மண்கூழைத் தொட்டு, நாலு தடவை நீவி, அடுத்ததை எடுத்துக்கொள்வாள். காது எங்கெங்கே தவறியது என்று ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் வாயில்லாதவள் இல்லை. வந்த புதிதில் வேலை முடிகிற வரைக்கும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். மாஸ்டர் ஏதாவது சொன்னால் உடனே பதில் வைத்திருப்பாள். பட்டறையில் மாஸ்டரையும் அவளையும் சேர்த்து எட்டுப் பேர். அவள் பேச்சுக்காகவே மற்றவர்கள் ஆறு மணி வரைக்கும் அலுப்பில்லாமல் இருந்தார்கள்.

இரண்டாம் வருஷம் மேலிடத்து உத்தரவு வந்தது. சீவுகிற சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தூசி உறிஞ்சும் ஃபேன் இருக்க வேண்டும். முதலாளி வாங்கி மாட்டினார். சக்கரத்தின் தலைமாட்டில் தகரவாய் ஒன்று, அதிலிருந்து மடிப்பு மடிப்பாக ஒரு தடிக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும். சுவிட்சை மாஸ்டரின் வலது முழங்காலுக்குப் பக்கத்துத் தூணில் வைத்தார்கள். சுவரில் ஒரு தாளும் ஒட்டினார்கள். ஃபேன் ஓடாமல் சீவக்கூடாது. மாஸ்க் மூக்கோடு அழுந்த இருக்க வேண்டும். தரையைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்காதே, தண்ணீர் தெளித்துத் துடை. உடம்புத் தூசியைக் காற்றுக்குழாயால் ஊதாதே. வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போகாதே. வருஷம் ஒரு தடவை எக்ஸ்ரே எடு. ஹொங் மாஸ்டர் ஆறையும் நிதானமாகப் படித்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

ஃபேன் போட்ட முதல் நாள் காலையில் நாலு கிண்ணம் ஓட்டையாயின. பின்னேரத்துக்குள் இன்னும் இரண்டு. விரல் தட்டியது, சத்தம் வரவில்லை. வந்ததெல்லாம் தகரக்குழாயின் இரைச்சல். பக்கத்துப் பட்டறைச் சீவுகாரன் ஒருவன் வாசலில் நின்று உடைசலைப் பார்த்துவிட்டு, மாஸ்டருக்குக் காது அடைத்துவிட்டதா, எண்ணெய் காய்ச்சி விடட்டுமா என்று கேட்டான். மறுநாள் காலை மாஸ்டர் உட்கார்ந்ததும் முதல் காரியமாக முழங்காலால் அந்த சுவிட்சை அமர்த்தினார். கிண்ணம் முதல் தட்டிலேயே பேசியது.

அதன் பிறகு அந்த ஃபேன் ஓடியது சோதனைக்காரர்கள் வரும் நாட்களில் மட்டும். கேட்டில் இருக்கிறவர் "வெந்நீர் கொதிச்சிருச்சு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். ஃபேன்கள் இரையும், தாடையில் தொங்கும் மாஸ்க்குகள் மூக்குக்கு ஏறும். வண்டி கிளம்பியதும் எல்லாம் இறங்கிவிடும்.

அந்தக் கோடையில்தான் ஜின்ஜூ கேட்டாள். அவளுடைய கிளாஸ் டீயின் மேல் பாலாடை மாதிரி வெள்ளை படிந்திருந்தது. விரலால் ஒதுக்கிவிட்டு, "மாஸ்டர், அந்த ஃபேனக் கொஞ்சம் போடுங்களேன். என் டீயில மாவு மெதக்குது" என்றாள்.

மாஸ்டர் திரும்பக்கூட இல்லை. காதில் ஒரு சத்தம் பாதி பிடிபட்டிருந்தது, அதை விட மனமில்லை. "நீ நாள் பூரா தண்ணியில கெடக்கறவ. மீனுக்குத் தூசி ஒட்டுமா?" என்றார்.

ஆறு பேரும் சிரித்தார்கள். ஒருவன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கிண்ணத்தை உடைத்தான். ஜின்ஜூவும் சிரித்தாள், கடைசியாக, கொஞ்சம் தாமதமாக. அன்றிலிருந்து அவள் பெயர் மீன் ஆயிற்று. மீன் வந்தாச்சா, மீனுக்கு ஒரு கிளாஸ் டீ, மீனே அந்தப் பலகையை இப்படித் தள்ளு. புதிதாக வருகிறவர்களுக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரிய ஒரு மாதம் ஆகும். மறுநாள் அவள் துணி மாஸ்க் ஒன்று தைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். டீ கிளாஸை உடைந்த சாசரால் மூடி வைத்தாள். ஃபேன் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. துணி மாஸ்க்கால் அந்தத் தூசியைப் பிடிக்க நினைப்பது மாவுச் சல்லடையால் புகையைப் பிடிக்க நினைப்பதுபோலத்தான். அதை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. வாயைக் கட்டிக்கொண்டதால் பேச்சும் குறைந்தது. பட்டறையில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் தன் கைக்காசில் எல்லோருக்கும் பன்றி ரத்தக்கட்டி சூப் வாங்கித் தருவார். ரத்தம் நெஞ்சுத் தூசியைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. ஜின்ஜூவுக்கும் ஒரு கிண்ணம் உண்டு, அவளுக்கு மட்டும் மிளகாய் கூடுதலாக. தன் கடமை அதோடு முடிந்தது என்று அவர் மெய்யாகவே நம்பினார்.

வீட்டில் கதை வேறு. அவர் மனைவி சூஃபென் வாசற்படியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பாள். சட்டை, கால்சட்டை, தொப்பி எல்லாவற்றையும் உதறாமல் கழற்றி அந்த வாளியில் அமுக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். பனிக்காலத்திலும் அதே சட்டம். புதுக் கொட்டகைக்கு வந்த பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட மாஸ்டர் அதை மீறியதில்லை. பட்டறையைவிட்டுக் கிளம்பும்போது மட்டும் காற்றுக்குழாயை எடுத்துத் தலை முதல் கால் வரை ஒரு தடவை ஊதிக்கொள்வார். சட்டையிலிருந்து எழும்பும் வெள்ளை, ஜன்னல் காற்றோடு எதிர்ச்சுவருக்குப் போகும். அங்கே ஜின்ஜூ பிரஷ்களை அலசிக்கொண்டிருப்பாள்.

அவள் வந்த பதினோராம் வருஷத்து வசந்தத்தில் ஒரு காலை, எட்டுக் கிண்ணம் வைத்த நீளப் பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சூளைப் பக்கம் போனவள் முற்றத்து நடுவில் நின்றுவிட்டாள். பலகையை இறக்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. யாரோ ஓடிப்போய் வாங்கினார்கள். ஒரு கிண்ணமும் உடையவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து மூச்சைத் தேடினாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். தூசி நுரையீரல், இரண்டாம் கட்டம்.

ஆஸ்பத்திரி சொன்னால் மட்டும் போதாது. இது வேலையால் வந்த நோய் என்று தொழிலாளர் அலுவலகம் சான்று கொடுத்தால்தான் ஆயுசுக்கும் மருந்தும் மூச்சு இயந்திரமும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அவள் புருஷன் லாரி ஓட்டிச் சம்பாதிப்பதில் எத்தனை நாள் மூச்சு வாங்க முடியும் என்று ஊருக்கே தெரியும். சான்றுக்குப் பட்டறையின் தாள் வேண்டும். ஜியாங் முதலாளி தாள் கொடுத்தார். தண்ணீர் தடவும் வேலை, முழுக்க ஈரத்தில் நடப்பது, தூசித் தொடர்பு இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

அதே மாதம் சீவுகாரர்களுக்கு வருஷாந்தர எக்ஸ்ரே; ஈர வேலைக்காரர்களை அதற்கு அனுப்பும் வழக்கம் இல்லை. ஹொங் மாஸ்டருடைய படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அங்கங்கே சில புள்ளிகள், அவ்வளவுதான், அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். பிறகு, முப்பத்தைந்து வருஷம் காய்ந்த மண் சீவியவருக்கு இப்படியொரு நெஞ்சைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லி, எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டார். மாஸ்டர் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார்: ஜன்னலுக்குக் கீழே, காற்றுக்கு முதுகு காட்டி. டாக்டர் ஒரு தாளில் ஜன்னலை வரைந்தார். சக்கரத்தை வரைந்தார். ஜன்னலிலிருந்து சக்கரத்தைத் தாண்டி நேராக ஒரு கோடு இழுத்தார். கோடு தாளின் ஓரத்துக்கு வந்து நின்றது.

"அப்ப உங்க எதிர்ல யாரு உக்காந்திருந்தாங்க?"

"செவுரு" என்றார் மாஸ்டர்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கழற்றி வைத்த சட்டையைப் போட்டுக்கொள்ளும்போது பொத்தான்கள் மாறி மாறி விழுந்தன. தன்னுடைய நெஞ்சு ஏன் சுத்தமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அந்த நெஞ்சைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பது, யார் வீட்டுப் பொருளையோ மடியில் கட்டிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது.

பத்து நாள் கழித்து அலுவலகத்திலிருந்து பெங் என்ற பெண் விசாரணைக்கு வந்தாள். சின்ன வயசு, எதையும் இரண்டு தடவை கேட்கிறவள். கேட்டில் குரல் கொடுக்கிற ஆள் அன்றைக்கும் வெந்நீர் கொதித்துவிட்டதாகச் சொன்னார். முதலாளி ஃபேன் வாங்கிய ரசீதைக் காட்டினார், மாட்டிய அன்று எடுத்த போட்டோவைக் காட்டினார். ஜின்ஜூவும் வந்திருந்தாள். அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டிருந்தார்கள். தன் பழைய பெஞ்சுக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அங்கே காய்ந்து கிடந்த பிரஷ் ஒன்றை எடுத்து மயிரைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

பெங் மாஸ்டரிடம் வந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டாள்.

"ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

"எப்பவுமா?"

"எப்பவும்."

முதலாளி மூச்சுவிட்டது கேட்டது. பெங் எழுதிக்கொண்டாள். ஜின்ஜூ தலை நிமிரவில்லை. "மாஸ்டர் காது தப்பாக் கேக்காது. அவர் சொன்னா சரிதான்" என்று மட்டும் சொன்னாள். குரலில் கோபம் இருந்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். பிரஷ்ஷை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

மாஸ்டர் வாசலுக்கு வந்து பார்த்தார். சந்தின் முனை வரைக்கும் நூறு தப்படி இருக்காது. அவள் மூன்று இடத்தில் நின்றாள். முதலில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் வெறும் சுவரில் சாய்ந்து. மூன்றாவதாக நூடுல்ஸ்காரன் வண்டியின் கைப்பிடியை. அவன் ஒரு ஸ்டூலை நகர்த்தினான். வேண்டாம் என்று கையசைத்தாள்.

முதலாளிக்குப் பயந்து சொல்லவில்லை, அது அவருக்கே தெரியும். அவரைப் போன்ற கைக்கு அந்த ஊரில் பத்து முதலாளிகள் வாசலில் நிற்பார்கள். ஃபேனை நிறுத்தினேன் என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். காதுக்காக என்று சொல்ல வேண்டும். சந்து முழுக்கப் புகழ்ந்த காது, எதிரில் ஒருத்தியின் மூச்சைத் தின்றுதான் கேட்டது என்று ஆகும். பதினோரு வருஷத்துக் கிண்ணங்களும் ஒரே தட்டில் வேறு சத்தம் கொடுத்துவிடும். அதற்குத்தான் பயந்தார்.

சூஃபெனுக்குச் சேதி சந்தையிலேயே கிடைத்துவிட்டது. அவர் வாசலில் சட்டையைக் கழற்றியபோது வாளி அங்கே இல்லை. உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"உதறிட்டே உள்ள வாங்க. அதான் தூசியே இல்லையாமே. பதினோரு வருஷமா நான் வாளியில என்னத்த ஊறப்போட்டேன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் உதறவில்லை. சட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளாடையோடு, தெருவில் போவோர் வருவோர் பார்க்க வாசலில் நின்றார். ரொம்ப நேரம் கழித்து அவள் வாளியைக் கொண்டுவந்து தொம்மென்று வைத்தாள்.

மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே மாஸ்டர் பட்டறைக்குப் போனார். மாஸ்க்கை மூக்கோடு அழுத்திக் கட்டினார். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். முழங்காலால் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் இரைந்தது. சீவினார். மாவு விசிறியடித்து எழும்பி, பாதி வழியில் வளைந்து, தகரவாய்க்குள் போய் மறைந்தது. அவ்வளவு சாதுவாகப் போகும் என்று அவர் நினைக்கவில்லை. நாலு சுற்று ஆனதும் வழக்கம்போலச் சக்கரத்தை நிறுத்தினார். விரலை ஓங்கினார். கேட்காது என்று தெரியும். சக்கரம் நின்றிருந்தது. கத்தி சும்மா இருந்தது. தூசி எங்கும் இல்லை. அப்போதுதான் அவர் முழங்கால் தானாக அசைந்து சுவிட்சை அமர்த்தியது. இரைச்சல் இறங்கி அடங்கியது. தட்டினார். கேட்டது.

மறுபடி முழங்கால், ஃபேன், கத்தி. மறுபடி முழங்கால், அமைதி, விரல்.

ஒரு கிண்ணத்துக்குப் பத்தொன்பது தடவை தட்ட வேண்டியிருந்தது. எப்போதும் ஆகிற நேரத்தைவிட அரைக் கிளாஸ் டீ குடிக்கிற நேரம் கூடுதல். கிண்ணம் வெளிச்சத்தில் விரல் நிழலைக் காட்டியது. எதிர் பெஞ்சுக்குப் போய்ப் பலகையில் கையால் துடைத்துப் பார்த்தார். விரலில் ஒட்டியது நேற்றைய தூசி மட்டும்.

அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். முடியாத காரியம் என்று நினைத்திருந்த வரையில் அதில் ஒரு கௌரவமாவது மிச்சமிருந்தது. தொழில் அப்படி, என்ன செய்வது என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அதுவும் இல்லை. சீவும்போது போடு, தட்டும்போது நிறுத்து. ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். அந்த சுவிட்சை அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள், இதற்கென்றே வைத்ததுபோல. ஜின்ஜூவின் இடத்திலிருந்து பார்த்தபோது ஜன்னல் நேர் எதிரே இருந்தது. காற்று முகத்தில் அடித்தது. சில்லென்று நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை லீவு சொல்லாமல் பஸ் ஏறினார். அலுவலகத்தில் பெங் அவரை அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி காட்டினாள். அன்றைக்குச் சொன்னது பொய் என்றார். எது பொய் என்று கேட்டாள். ஓடியது என்றது, எப்போதும் என்றது, இரண்டும். ஃபேனை யார் நிறுத்தியது? நான். முதலாளி சொல்லியா? இல்லை, அவர் பார்த்தும் பேசாமல் இருந்தார், நிறுத்தியது நான்தான், என் முழங்கால். ஜன்னல், சக்கரம், பெஞ்சு எல்லாவற்றையும் டாக்டர் போட்ட மாதிரியே வரைந்து காட்டினார். இந்தத் தடவை கோட்டின் முடிவில் ஜின்ஜூவின் பெயரை எழுதினார். எழுத்து கோணலாக வந்தது. காற்றுக்குழாயைப் பற்றியும் சொன்னார், வெந்நீர் கொதித்ததைப் பற்றியும் சொன்னார். பெங் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டு எழுதினாள்.

கீழே சிவப்பு மையில் விரல் வைக்கச் சொன்னாள். வைத்தார். தாளில் வெறும் சிவப்பு வட்டம்தான் விழுந்தது, ரேகை இல்லை. முப்பத்தைந்து வருஷ மண் விரலைத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தது. வேறு விரல் வையுங்கள் என்றாள். அதிலும் இல்லை. கடைசியில் இடதுகைச் சுண்டுவிரலில் நாலைந்து கோடுகள் கிடைத்தன.

திரும்பும் வழியில் முள்ளங்கி வைத்த அரிசிமாவுக் கொழுக்கட்டை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஜின்ஜூ வீட்டுக்குப் போனார். அவள் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள். வேறு முக்காலி இல்லை. அவர் நின்றுகொண்டே, அலுவலகத்துக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். ஃபேனை, ஜன்னலை, காற்றுக்குழாயை, ஒன்றுவிடாமல்.

அவள் கை நிற்கவில்லை. இரண்டு காய் உரித்த பிறகு கேட்டாள்.

"மீன்னு சொன்னதையும் எழுதிக் கொடுத்தீங்களா?"

அவர் பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்தார்.

"விட்டுட்டீங்க."

"அது ஒரு வெளையாட்டுப் பேச்சு, ஜின்ஜூ. அதுக்கு என்ன..."

"ஃபேனு கரண்டுல ஓடுது மாஸ்டர். நிறுத்தினா நிக்கும், போட்டா ஓடும். நான் அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் வாயத் தொறக்கல. அது எதுல நின்னுச்சு?" இவ்வளவும் பேச அவளுக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அப்புறம் பொட்டலத்தைப் பிரித்து, சூடாக இருக்கிறதே என்று சொல்லி, அவருக்கும் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கித் தின்றார்.

செவ்வாய்க்கிழமையும் அதே பஸ். பெங் நிமிர்ந்து பார்த்து, மறுபடி மாற்றிச் சொல்ல வந்திருக்கிறாரோ என்று முகத்தைச் சுருக்கினாள். ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். என்ன வரி என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதெல்லாம் பட்டறைக் கேலி, மாஸ்டர். இத நான் எங்க எழுத?"

"அவ கேட்டா. நான் இப்படிச் சொன்னேன். அப்புறம் அவ கேக்கல."

பெங் பேனாவை எடுத்தாள். எந்த வருஷம், எந்த மாதம், அறையில் யார் யார் என்று கேட்டாள். எல்லாம் சொன்னார். சிரித்தவர்களின் பெயர்களையும் சொல்லச் சொன்னாள். சொன்னார். எழுதி முடித்ததும், சட்டப்படி சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று, ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரலில் வாசித்தாள்.

"தூசி உறிஞ்சும் ஃபேனைப் போடுமாறு தொழிலாளி கேட்டுக்கொண்டார். அதற்கு சாட்சியாகிய நான், தண்ணீரில் கிடக்கும் மீனுக்குத் தூசி ஒட்டுமா என்று பதில் கூறினேன். அறையில் இருந்த ஆறு பேரும் சிரித்தனர். அதன் பிறகு தொழிலாளி இது குறித்துக் கேட்கவில்லை. சரியா?"

பக்கத்து மேசைகளில் நாலு பேர் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர் வாழ்க்கையில் சொன்ன நகைச்சுவைகளிலேயே பெரிய சிரிப்பு வாங்கியது அது ஒன்றுதான். அதைச் சிரிப்பில்லாமல் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார்.

"சரி" என்று சொல்லிச் சுண்டுவிரலை நீட்டினார்.

ஐந்து மாதத்தில் ஜின்ஜூவுக்குச் சான்று வந்தது. அந்தக் கடைசி வரிதான், தொழிலாளி கேட்டும் மறுக்கப்பட்டது என்று முடிவுத் தாளில் நின்றது என்று பெங் சொன்னதாகக் கேள்வி. பட்டறையை ஆறு வாரம் பூட்டினார்கள். வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்தவர்கள் மாஸ்டரை ஏசினார்கள். அவர் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். திறந்த பிறகு எல்லாச் சக்கரத்துக்கும் முழங்கால் சுவிட்ச் வந்தது, தண்ணீர் பெஞ்சு ஜன்னல் பக்கம் போனது, காற்றுக்குழாயைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். காது என்ற பேச்சு நின்றுபோயிற்று. இப்போது சந்தில் அவருக்குப் பெயர் முழங்கால். முழங்கால் மாஸ்டர் வந்தாச்சா, முழங்காலுக்கு ஒரு டீ. அவர் ஏன் என்று திரும்புவார்.

ஒரு நாள் நூடுல்ஸ் வண்டியில் ஜின்ஜூ உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் வண்டிக்காரன், "முழங்காலுக்கு மிளகா கூடவா, கம்மியா?" என்று குரல் கொடுத்தான். அவள் அந்தப் பெயரை அன்றுதான் கேட்கிறாள்போல. அவரைப் பார்த்தாள், வண்டிக்காரனைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள். வந்த புதிதில் சிரித்த அதே சிரிப்பு. பாதியில் அது இருமலாக மாறியது. இருமல் நிற்க வெகுநேரம் பிடித்தது. அதுவரைக்கும் மாஸ்டர் கிண்ணத்தை வாங்காமல் நின்றுகொண்டே இருந்தார்.